மாத்திரை போட்ட கையோடு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால், உன் டிரைவிங் பள்ளி, பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாத உன் மாணவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்களா?

இந்த விஷயத்தைப் போனில் சொல்ல நாலைந்து தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நீ “என்னடா, சொல்லு” என்றாய். நான் “ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்” என்று வைத்துவிட்டேன். ஊரில் உள்ள வாய்க்கெல்லாம் பல்செட் செய்து கொடுக்கிறேன், போனைக் கையில் எடுத்தால் என் வாய் மட்டும் திறப்பதில்லை. அதனால் நமக்குப் பழகிய வழியிலேயே வருகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்.

சிரித்து முடித்தாயா? சரி, மேலே சொல்கிறேன். என் பட்டறைக்கு எதிரே, அதே மாடியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அதை நடத்துகிறவள். கணவர் தவறிப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. போன வருடம் ஒரு பெரியவர் தன் கண்ணாடியை என் பட்டறையில் மறந்துவிட்டு, பல்செட்டை அவள் கடையில் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போக, அவள் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வர, நடுவில் முட்டிக்கொண்டோம். அன்று பேச ஆரம்பித்தது. அவளிடம் மட்டும் எனக்கு வாய் வருகிறது அக்கா. ஏன் என்று தெரியவில்லை.

ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு நாலு பேருக்குச் சாப்பாடு. என் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். அம்மா அப்பா போனபின் எனக்கு இருக்கிற உறவு நீ ஒருத்திதான். நீ வந்து நிற்காமல் நான் பேனாவைத் தொட மாட்டேன். உனக்கு எந்தத் தேதி தோது என்று எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


பிப்ரவரி 12

என் அருமைத் தம்பி, மாப்பிள்ளைப் பையா,

அக்காவின் ஆசி. உன் கடிதத்தை ஆபீஸ் ரூமில் நின்றுகொண்டே படித்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். வெளியே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த வங்கி மேனேஜர் அதை நான் கொடுத்த சிக்னல் என்று நினைத்து நேராகக் குப்பைத்தொட்டியில் போய் முட்டிவிட்டார். தொட்டிக்குத்தான் சேதம். உன் கல்யாணச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்.

எத்தனை பெண் பார்த்தேன் உனக்கு! ஒருத்தியைப் பார்த்து “சிரிப்பு சரியில்லை” என்றாய். இன்னொருத்தியைப் பார்த்து “பல் வரிசை ரொம்பச் சரியாக இருக்கிறது, எனக்கு அங்கே வேலையே இல்லை” என்றாய். கடைசியில் எதிர்க் கடையிலேயே உட்கார்ந்திருந்தாளா? இருக்கட்டும், இருக்கட்டும். பல்லும் கண்ணும் ஒரே மாடியில். மூக்குக்கு மட்டும் யாராவது கடை போட்டால் முகம் முழுசாகிவிடும்.

என் உடம்பைக் கேட்டாயே. முழங்கால் பழகிவிட்டது. நெஞ்சுதான் சமீப காலமாகக் கொஞ்சம் தாறுமாறாக ஓடுகிறது. ஐடிலில் நிற்க வேண்டிய வண்டி தானாக ரேஸ் ஆகிற மாதிரி. டாக்டர் பார்த்துவிட்டுத் துடிப்பை நிதானப்படுத்த ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். இத்தனூண்டு மாத்திரை, தினம் காலையில் ஒன்று. அதற்கு ஒரு கெடுபிடி: ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டுமாம். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் ஆபத்து. அடுத்த வாரம் முதல் சோதனை. சோதனைக்கெல்லாம் அசருகிறவளா நான்? வருடா வருடம் நம் வண்டிகளைத் தகுதி ஆய்வுக்கு ஓட்டிப் போகிறேன், ஒரு வண்டியையாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா?

ஏப்ரலில் வை. வருகிறேன். விசில் அடிக்கவும் வருகிறேன்.

உன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டேன். காலை வேளைதான்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக் கடை வரியில் அவள் சிரித்த சிரிப்பில் கண் சோதனைக்கு வந்திருந்தவர் எழுத்துப் பலகையைத் தப்பாகப் படித்துவிட்டார். “உங்க அக்காவ உடனே பாக்கணும்” என்கிறாள். உனக்காக என் பின் அறையைக் காலி செய்து, மெழுகு அச்சுகளையெல்லாம் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். கட்டில் புதுசு. முழங்காலுக்குத் தோதாகக் கொஞ்சம் உயரமாகவே வாங்கியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் தெருமுனை சிக்னல் தெரியும். யார் யார் சிவப்பு விளக்கில் தாண்டுகிறார்கள் என்று பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

சோதனை முடிந்ததா? என்ன சொன்னார்கள்?

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஏப்ரல் பத்து வேண்டாம்டா. மே மாதம் வைத்துக்கொள். இங்கே ஒரு காருக்கு கிளட்ச் போய்விட்டது, வகுப்பு எடுக்கிறவர்களில் ஒருவர் லீவு, போட்டது போட்டபடி கிளம்ப முடியாது.

சோதனையில் மாத்திரை அளவு கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். அவ்வளவுதான் சமாச்சாரம்.

கட்டிலின் உயரத்தைக் குறைக்காதே. அவளுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சரி, மே பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டேன். பதிவு அலுவலகத்துக் குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, “சார், பொண்ணு சைடுல ஏதாவது சிக்கலா?” என்று கேட்டார். “எங்க அக்கா கார் சைடுல சிக்கல்” என்றேன்.

கிளட்ச் போனதற்கு ஒரு மாதமா? உன் பள்ளியில் முன்பு இரண்டு நாளில் மாற்றிவிடுவீர்களே. போகட்டும். நீ எழுதியதில் ஒன்று புரியவில்லை. மாத்திரையைப் பாதியாக்கியபின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவேயில்லை. எழுது.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

மே மாதமும் தோதுப்படாது. மன்னித்துக்கொள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் வேண்டுமானால் நான் இல்லாமலே முடித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

உன் நாலு வரிக் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன்னை எனக்குத் தெரியும். நீ நாலு வரியில் கடிதம் எழுதுகிறவள் இல்லை. நாலு பக்கம் எழுதிவிட்டு ஓரத்திலும் எழுதுகிறவள்.

மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். நீ கால் தேயத் தேயப் பார்த்த பெண்களையெல்லாம் வேண்டாம் என்றேன். இப்போது நானாகப் பார்த்துக்கொண்டு வந்து நிற்கிறேன். அதில் உனக்கு வருத்தமா? அவளைப் பிடிக்கவில்லையா? முதல் கடிதத்தில் சந்தோஷப்பட்டது எனக்காக வரவழைத்துக்கொண்ட சந்தோஷமா? அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், வாய்விட்டுச் சொல்வதில்லை. கட்டிலுக்கு வாங்கிய போர்வையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

தேதியை ரத்து செய்துவிட்டேன். புதுத் தேதி வாங்கவில்லை. நீ இல்லாமல் முடித்துக்கொள்ளச் சொல்கிறாயே, அது எப்படி அக்கா முடியும்?

தம்பி


மே 15

அன்புள்ள கண்ணாடிக்கடை அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் வருங்கால நாத்தனார் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் கடிதமே உதவி கேட்டு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் தம்பிக்கு இது தெரிய வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவைப் பற்றி, கண் சம்பந்தமாக ஒரு சந்தேகம். அவர் நெஞ்சுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் பார்க்கும்போதெல்லாம் “பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரியுதா? விளக்கச் சுத்தி வளையம் தெரியுதா? வாந்தி வருதா?” என்று கேட்கிறார். அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டர் கேட்ட நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் இது மஞ்சளோ என்று ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அவர் காரே மஞ்சள். மஞ்சள் தெரிவது ஆரம்பித்தால் எப்படி ஆரம்பிக்கும்? கார் இன்னும் அதிக மஞ்சளாகத் தெரியுமா? உங்களுக்குக் கண் விஷயம் அத்துபடி என்பதால் கேட்கிறேன்.

உங்களைப் பிடிக்கவில்லையா என்று என் தம்பி கேட்டு எழுதியிருக்கிறான். மூளை இல்லாத கழுதை. உங்களை எனக்கு அந்தப் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

அன்புடன்,
அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று எழுதியிருப்பீர்களோ என்று பயந்து, கடையில் கூட்டம் குறையும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். பிறகு நடுப் பத்திக்கு வந்து மறுபடியும் பயந்தேன்.

“உங்க அக்காவோட கார் என்ன கலர்?” என்று அவரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “மூணுமே மஞ்சள்தான், ஏன்?” என்றார். ஆக, அந்த அம்மா யார் என்று தெரிந்துவிட்டது.

கண் படிப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: இதயத் துடிப்புக்கான சில மாத்திரைகள் உடம்பில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் பார்வையில் மஞ்சள் படரலாம். அதனால்தான் டாக்டர் கேட்கிறார். உங்களுக்கு அப்படி இல்லை என்பது நல்ல செய்தி. அதற்கு மேல் இதயம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குக் கடிதத்தில் பதில் எழுத மாட்டேன். நேரில் வருகிறேன். ஃபிரேம் கொள்முதலுக்கு வெளியூர் போவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்தான். உங்கள் தம்பிக்கு நான் சொல்லும் முதல் பொய் உங்களுக்காக என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை “அம்மா” போட்டு அழைக்காதீர்கள். நீ, வா, போ போதும்.

அன்புடன்,
எதிர்க் கடைக்காரி


ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். அக்காவும் நலமாகப் போகிறார்கள். முதலில் இந்த வரியை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். நான் ஃபிரேம் வாங்கப் போகவில்லை. உங்கள் அக்கா வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா எதிரே உட்கார்ந்து “என்ன எழுதற? காட்டு, காட்டு” என்று தொந்தரவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

அக்கா உங்களிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதமே டாக்டர் பயணம் கூடாது, கார் ஓட்டவும் கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் சோதனையில் மாத்திரை அளவு மிக அதிகம் என்று வந்தது. பாதியாக்கினார்கள். மாத்திரை குறைந்ததும் நெஞ்சு மறுபடி ஓட்டம் பிடித்தது. இரண்டாவது சோதனையிலும் அதிகம் என்றே வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கினார்கள். அதற்குமேல் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சிறுநீரகம் சரியில்லையோ என்று அதையும் சோதித்தார்கள், அது சரியாக இருந்தது. டாக்டருக்கும் குழப்பம். ரத்தம் மாத்திரை அதிகம் என்கிறது, நாடி மாத்திரை போதவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்வரை ஊரைவிட்டு நகரக் கூடாது என்றார்.

நான் வந்து இறங்கியபோது அக்கா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். மூச்சு வாங்கிய வாங்கில் பேச்சு வரவில்லை. அந்த நிலையிலும் என்னை இறக்கிவிட்ட டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டு, “தம்பி, ஹேண்ட் பிரேக்!” என்றார்கள்.

“ஏன்க்கா இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியாதா? கல்யாணத்த அப்படியே விட்டுட்டு, இங்க வந்து என் கட்டில் பக்கத்துல உக்காந்துருவான். ஐம்பத்தேழு வருஷம் கழிச்சு இப்பதான் ஒருத்திகிட்ட வாயத் திறந்திருக்கான். நான் போய் மூடச் சொல்லவா?” என்றார்கள்.

நேற்று மூன்றாவது சோதனை. காலையில் இருவரும் லேபுக்குப் போனோம். நம்பர் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்குப் பிறகு அக்காவின் முறை. அக்கா கைப்பையைத் திறந்து, மாத்திரை டப்பாவை எடுத்து, ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“என்னக்கா, காலையிலயே போடலயா?” என்றேன்.

“சோதனை அன்னிக்கு மட்டும் வீட்ல போட மாட்டேன். இங்க வந்துதான் போடுவேன்.”

“ஏன்?”

அக்கா என்னை ஒன்றும் தெரியாத மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். “ஆய்வுக்கு வண்டி கொண்டுபோனா என்ன பண்ணுவோம்? கேட்டுக்கு வெளிய நிறுத்தி, டயருக்குக் காத்து, ரேடியேட்டருக்குத் தண்ணி, இன்ஜினுக்கு எண்ணெய், எல்லாத்தையும் முழுசா ஊத்தித்தான உள்ள விடுவோம்? கொறச்சலா இருக்குன்னு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது!”

எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அக்கா சொன்ன தோரணையில் அது சரி என்றே பட்டது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் முடிவை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். முடிவு மறுபடியும் அதிகம். டாக்டர் தாளைப் பார்க்கிறார், அக்காவின் மணிக்கட்டைப் பிடிக்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார். “ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரை சாப்பிட்டும் இவ்வளவு எப்படிம்மா வரும்? எனக்குத் தெரியாம வேற ஏதாவது சாப்பிடறீங்களா?”

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “டாக்டர், நீங்க சொன்னது தவிர ஒரு துளி கூடுதலா சாப்பிடல. இவளையே கேளுங்க. இன்னிக்குப் போட வேண்டியதக்கூட லேப் பெஞ்சுல உக்காந்து இவ கண்ணு முன்னாடிதான் போட்டேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “லேப் பெஞ்சுலயா? ரத்தம் எடுக்கறதுக்கு எவ்வளவு முன்னாடி?”

“மாத்திரை போட்ட கையோட ஒரு கால் மணி, அரை மணி இருக்கும்.”

“முதல் ரெண்டு தடவையும்?”

“எல்லாத் தடவையும் அப்படித்தான். நான் ஒழுங்கா சாப்பிடறேன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?”

டாக்டர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். “இத நான் முதல் நாளே கேட்டிருக்கணும்மா. லேப்ல கேட்டிருக்கணும். யாருமே கேக்கல” என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை போட்டதும் முதலில் ரத்தத்தில்தான் கலக்குமாம். அங்கிருந்து மெல்ல மெல்ல இதயத் தசைக்குள் போய்ச் சேர ஆறு மணி நேரமாவது ஆகுமாம். அதற்குள் ரத்தம் எடுத்தால் அளவு எக்கச்சக்கமாகக் காட்டும், ஆனால் இதயத்தில் உண்மையில் அவ்வளவு இருக்காது. அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுத்தால்தான் சரியான அளவு தெரியும்.

அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் மெல்ல மாறியது. “டாக்டர்,” என்றார்கள், “இன்ஜின்ல எண்ணெய் ஊத்தின கையோட அளவு பாக்கற கம்பிய விட்டுப் பாத்தா கம்பி முழுக்க எண்ணெயாத்தான் இருக்கும். கீழ எறங்கட்டும், அப்புறம் துடைச்சிட்டுப் பாருன்னு என் பள்ளிக்கூடத்துல முதல் வாரமே சொல்லித் தருவேன். எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன்! என் இன்ஜினுக்கு மட்டும் மறந்துட்டேனே!”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு. டாக்டருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, “போதும்மா, போதும், ஏற்கெனவே ஓடிட்டிருக்கு” என்றார். நான் அந்த அறையில் நாகரிகமில்லாமல் கண்ணீர் வரச் சிரித்தேன்.

இன்றிலிருந்து பழையபடி தினம் ஒரு முழு மாத்திரை. இரண்டு வாரத்தில் மறுசோதனை, இந்த முறை காலை மாத்திரைக்கு முன்னால். நான் வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். பொய் சொன்னதற்கு வந்ததும் திட்டிக்கொள்ளுங்கள். அந்தப் போர்வையை எடுத்து வெயிலில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் எதிர்க் கடை


ஜூன் 8

அக்கா,

நலமா கிலமா என்று உன்னை விசாரிக்கப்போவதில்லை. விசாரித்தால் நீ “அவ்வளவுதான் சமாச்சாரம்” என்பாய். இனி உன் நலத்தை உன் டாக்டரிடம்தான் கேட்பேன், நம்பர் வாங்கிவிட்டேன்.

அவள் கடிதத்தைப் பட்டறையில் நின்று படித்தேன். பாதியில் கோபம் வந்தது. கையில் இருந்த மெழுகு அச்சைப் போட்டு உடைத்துவிட்டேன். பாவம், யாருடைய கீழ்த்தாடையோ. லேப் பெஞ்சு வந்த இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அந்த அச்சுக்குச் சொந்தக்காரர் பல் கேட்டு வந்து நின்றபோது, அவர் தாடையை உடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

நீ இல்லாமல் முடித்துக்கொள்ளச் சொன்னாயே, அதற்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன். உனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று ஒன்றரை மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நீ அங்கே மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றிருக்கிறாய். நான் இங்கே உன்மேல் வருத்தப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு பேருக்கும் வெட்கம் இல்லை.

மறுசோதனை அன்று காலை மாத்திரை டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. முடிவு எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது. நல்லதாக இருந்தால் உன் டாக்டர் சொல்கிற தேதியில் நீ இங்கே வா. இல்லையென்றால் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். உன் ஊரிலும் பதிவு அலுவலகம் இருக்கிறது. நீ கட்டிலில் படுத்தபடி கையெழுத்துப் போட வேண்டும் என்றாலும், காகிதத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவருவேன். கையெழுத்து உன்னுடையதுதான். அதில் பேச்சே இல்லை.

உன் கழுதை,
தம்பி


ஜூலை 6

என் செல்லக் கழுதைக்கு,

அக்கா எழுதுவது. ரயில் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆம், ரயில். ஜன்னலோர இருக்கை.

மறுசோதனை அன்று காலையில் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். கைப்பையில் டப்பா இல்லை. ஆய்வுக்குப் பெட்ரோல் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போன மாதிரி ஒரே கூச்சம். இந்தத் தடவை ரத்தம் எடுக்கிற பெண், “மாத்திரை எப்போ போட்டீங்க?” என்று தானாகவே கேட்டாள். டாக்டர் லேபில் சொல்லி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. “நேத்து காலைல” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா! முடிவு, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. நாடியும் அப்படியே. ரத்தமும் நாடியும் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டன. டாக்டர் கையைக் குலுக்கி, “போய்ட்டு வாங்க. கல்யாணத்துல ஆடலாம், ஆனா கார் ஓட்டறதுக்கு இன்னும் ஒரு மாசம் பொறுங்க” என்றார். நேற்று நம் வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினேன். மேலே போய் வேலை ஒன்றும் இல்லை. சும்மா ஏறினேன்.

உனக்கு எழுதாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இரண்டாவது முடிவு வந்த அன்று, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாவுக்குப் பயந்து இல்லை. நீ மாப்பிள்ளையாக நிற்பதைப் பார்க்காமல் போய்விடுவேனே என்றுதான். அத்தனை வருடம் உனக்குப் பெண் பார்த்துவிட்டு, கடைசிக் காட்சியில் வெளியே போகச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த ஆத்திரத்தில்தான் அந்த நாலு வரியை எழுதினேன். உன்மேல் ஆத்திரம் இல்லை. என் நெஞ்சின்மேல். அந்த நெஞ்சு இப்போது என்னோடு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அவளை நினைத்தால் மட்டும் கொஞ்சம் வேகம் கூடுகிறது. அது சந்தோஷத்தில், டாக்டரிடம் கேட்டுவிட்டேன், அது பரவாயில்லையாம்.

அவள் தன் கடையை மூடிவிட்டு, முன்பின் பார்த்திராத ஒரு கிழவிக்காக இத்தனை தூரம் வந்தாள். அந்தப் பெண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள். நீ பார்த்ததுதான் சரியான பெண். நான் பார்த்த அத்தனை பேரையும் வேண்டாம் என்றாயே, அதற்கு இன்று முழு மனதோடு நன்றி சொல்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு உறை இல்லை, தபால்தலை இல்லை. நாலு பக்கம் எழுதியாகிவிட்டது, ஓரத்தில் எழுதவும் இடம் இல்லை. பிளாட்பாரத்தில் இறங்கியதும் உன் கையில் கொடுப்பேன். நீ அங்கேயே நின்று படிப்பாய், எனக்குத் தெரியும். படித்து முடித்தாயா? நலமா என்று கேட்டு இதை நான் முடிக்கவில்லை. தலையை நிமிர்த்து. நேரில் கேட்கிறேன்.

அக்கா